சின்ன வீலா, பெரிய வீலா? மடக்கு சைக்கிள் ஓட்டுவதில் என்ன வித்தியாசம்?

2023 அக்டோபரில் மஹிந்திரா குழுமத் தலைவர் ஆனந்த் மஹிந்திரா சமூக வலைதளத்தில் ஒரு சைக்கிளைப் பற்றிப் பதிவு போட்டார். மும்பை ஐஐடி முன்னாள் மாணவர்கள் உருவாக்கிய 'ஹார்ன்பேக்' என்ற மடக்கு மின்சைக்கிள் அது. மற்ற மடக்கு சைக்கிள்களில் இருப்பது போன்ற சின்ன சக்கரம் இதில் இல்லை. வழக்கமான சைக்கிளில் உள்ள முழு அளவு சக்கரங்களோடு இது மடங்கும். அதனால் மற்ற மடக்கு சைக்கிள்களைவிட 35 சதவீதம் திறன் கூடுதல், வேகமாகப் போனாலும் ஆட்டம் இருக்காது, மடித்த பிறகு தூக்கவும் தேவையில்லை என்று அவர் எழுதியிருந்தார். அந்த நிறுவனத்தில் தான் முதலீடு செய்திருப்பதையும் அவரே சொல்லியிருந்தார்.

அடுத்த ஆண்டு லண்டனில் இருந்து இன்னொரு செய்தி வந்தது. மடக்கு சைக்கிள் என்றதும் உலகம் முழுக்க நினைவுக்கு வரும் பெயர் பிராம்ப்டன். 16 அங்குல சக்கரத்தை வைத்தே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்களைச் செய்த அந்த நிறுவனம், 2024இல் 'ஜி லைன்' என்ற பெயரில் 20 அங்குல சக்கர சைக்கிளை இறக்கியது. கரடுமுரடான பாதைக்கும் ஏற்றது என்பதுதான் அதற்கான விளம்பரம்.

ஆக, பெரிய வீல் சைக்கிளை மடக்கப் பார்க்கிறார் ஒருவர். சின்ன வீல் சைக்கிளில் வீலைப் பெரிதாக்கிப் பார்க்கிறார் இன்னொருவர். அப்படியென்றால் சின்ன வீலில் என்னதான் குறை? மெட்ரோவில் எடுத்துப் போகலாம், கார் டிக்கியில் போடலாம் என்று நினைத்து இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுத்து வாங்குபவர், ஓட்டும்போது எதை இழக்கிறார்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சக்கரம் ஏன் சின்னதாக இருக்கிறது?

காரணம் ரொம்ப எளிது. ஃப்ரேமை நடுவில் கீல் போட்டு மடக்கிவிடலாம், ஹேண்டில்பாரைச் சாய்த்துவிடலாம், சீட்டை இறக்கிவிடலாம். சக்கரத்தை மட்டும் மடக்க முடியாது. அதனால் மடித்த சைக்கிள் எவ்வளவு சின்னதாகும் என்பதைச் சக்கரம்தான் தீர்மானிக்கிறது.

வழக்கமான 700சி சக்கரம், டயரோடு சேர்த்து ஏறக்குறைய 68 செ.மீ. விட்டம் கொண்டது. 20 அங்குல மடக்கு சைக்கிளின் சக்கரம் 48 செ.மீ. அளவில் இருக்கும். பிராம்ப்டனின் 16 அங்குல சக்கரம் 42 செ.மீ. மட்டுமே. அந்த சைக்கிளை மடித்தால் 64.5 × 58.5 × 27 செ.மீ. ஆகிவிடுகிறது. அலுவலக மேசைக்கு அடியில் தள்ளிவிடக்கூடிய அளவு.

முழு அளவு சக்கரத்தோடு மடங்கும் சைக்கிளும் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பாராசூட் படைக்காக பிஎஸ்ஏ நிறுவனம் மடக்கு சைக்கிள் செய்தது, அதில் இருந்தது பெரிய சக்கரம்தான். அமெரிக்காவின் மான்டேக் நிறுவனமும் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறது. ஆனால் இவை மடித்த பிறகும் பாதி சைக்கிள் அளவுக்கு இடம் பிடிக்கும். கார் டிக்கிக்குச் சரி, கூட்டமான ரயிலுக்குச் சிரமம்.

"சின்ன வீல்னா ரெண்டு மடங்கு மிதிக்கணும்ல?"

கடையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பதில்: தேவையில்லை.

ஒரு முறை பெடலைச் சுற்றினால் எவ்வளவு தூரம் போவோம் என்பது சக்கரத்தை மட்டும் பொறுத்ததல்ல. முன்னே உள்ள பல்சக்கரத்தில் எத்தனை பல், பின்னே எத்தனை பல் என்பதும் சேர்ந்ததுதான் கணக்கு. முழு அளவு சைக்கிளில் முன்னே 44 பல், பின்னே 16 பல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மிதிக்குச் சுமார் 5.9 மீட்டர் போகும். 20 அங்குல சைக்கிளில் முன்னே 50 பல், பின்னே 13 பல் போட்டால் அதிலும் ஒரு மிதிக்கு அதே 5.9 மீட்டர்தான். சக்கரம் அதிக முறை சுற்றும், நம்ம கால் சுற்றாது.

அதனால்தான் சின்ன வீல் சைக்கிளில் முன்பக்கப் பல்சக்கரம் பெரிய தட்டு மாதிரி தெரிகிறது. விலை குறைந்த சில மடக்கு சைக்கிள்களில் இந்தப் பல் கணக்கைச் சரியாகப் போடாமல் விட்டிருப்பார்கள். அதில் ஏறினால் கால் மட்டும் வேகமாகச் சுற்றும், வண்டி நகராது. அந்தக் குறை கியருடையது, சக்கரத்தின் மேல் பழி போடக் கூடாது.

சின்ன வீலால் வேகம் வராது என்பதும் உண்மையல்ல. 'மினி' காருக்கு ரப்பர் சஸ்பென்ஷன் வடிவமைத்த பொறியாளர் அலெக்ஸ் மோல்டன், 1962இல் சின்ன சக்கர சைக்கிளை அறிமுகப்படுத்தினார். அதே ஆண்டு ஜான் வுட்பர்ன் அதில் கார்டிஃபில் இருந்து லண்டன் வரை ஓட்டிச் சாதனை படைத்தார். 1986இல் கனடாவின் வான்கூவரில் ஜிம் குளோவர், காற்றைக் கிழிக்கும் கவசம் பொருத்திய மோல்டன் சைக்கிளில் மணிக்கு 82 கி.மீ. வேகத்தைத் தொட்டார். அதிலும் இருந்தது சின்ன சக்கரம்தான்.

35 சதவீதம்: கணக்கு என்ன சொல்கிறது?

சரி, அப்போ சின்ன வீலில் சக்தி விரயமே இல்லையா? இருக்கிறது. டயர் தரையில் அழுந்தி உருளும்போது கொஞ்சம் சக்தி வீணாகும். சக்கரம் சின்னதாக இருந்தால் டயர் கூடுதலாக வளைந்து கொடுக்க வேண்டியிருப்பதால் இந்த விரயம் அதிகமாகும். எவ்வளவு அதிகம் என்பதில் இரண்டு விதக் கணிப்பு உண்டு. ஒரே ரக டயர், ஒரே காற்றழுத்தம் என்றால் 700சியைவிட 16 அங்குலத்தில் சுமார் 27 சதவீதம் என்பது ஒன்று, 60 சதவீதம் வரை என்பது மற்றொன்று.

கேட்கும்போது பெரிதாகத் தெரியும். ஆனால் அது மொத்த உழைப்பில் ஒரு பகுதிதான். ஆளும் சைக்கிளும் சேர்த்து 85 கிலோ, நல்ல தார்ச்சாலை, மணிக்கு 20 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டு தோராயமாகக் கணக்கிட்டால், காற்றைத் தள்ள 60 வாட் அளவுக்குச் செலவாகும். டயர் உருள 23 வாட். ஆக மொத்தம் 85 வாட் அளவில் வரும். சின்ன வீலில் இதோடு கூடுவது 6 முதல் 14 வாட். அதாவது 7 முதல் 16 சதவீதம். 20 அங்குலம் என்றால் இன்னும் குறையும்.

எனவே நல்ல சாலையில், சக்கர அளவு ஒன்றினால் மட்டும் 35 சதவீத வித்தியாசம் வருவது கடினம். எந்த சைக்கிளோடு ஒப்பிட்டார்கள், எந்த வேகத்தில், எந்த டயரோடு என்ற விவரம் அந்தப் பதிவில் இல்லை. மலிவான, அகலமான, காற்றுக் குறைந்த டயர் போட்ட மடக்கு சைக்கிளோடு ஒப்பிட்டால் அவ்வளவு வித்தியாசம் வரக்கூடும். அப்படி வந்தால் அதில் சக்கரத்தின் பங்கோடு டயரின் பங்கும் சேர்ந்தே இருக்கும்.

வாங்குபவர் இதில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சின்ன வீல் சைக்கிளில் டயரின் தரமும் காற்றழுத்தமும் பெரிய சைக்கிளைவிட முக்கியம். பத்து நாளைக்கு ஒரு தடவையாவது காற்று பார்க்கணும்.

பள்ளம் வந்தால்தான் கதை மாறுது

இதுவரை நல்ல சாலையைப் பற்றிப் பேசினோம். நம்ம ஊர் சாலை அப்படி இல்லையே! பெரிய சக்கரம் ஜெயிப்பது இங்கேதான்.

சாலையில் 20 செ.மீ. நீளத்துக்கு ஒரு பள்ளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 700சி சக்கரம் அதன் மேல் உருளும்போது சுமார் 1.5 செ.மீ. இறங்கும். 16 அங்குல சக்கரம் 2.5 செ.மீ. இறங்கும். பள்ளம் ஒன்றுதான், சின்ன சக்கரத்துக்கு அது ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆழமாகத் தெரிகிறது.

ஏறுவதிலும் இதே கதைதான். சாலை போட்டுவிட்டு ஓரத்தைச் சரி செய்யாமல் விடும் 3 செ.மீ. மேட்டை மெதுவாக ஏறும்போது, 16 அங்குல சக்கரத்துக்குத் தேவைப்படும் உந்துவிசை 700சியைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். 5 செ.மீ. மேடு என்றால் வித்தியாசம் 40 சதவீதத்தை நெருங்கும். அந்த அடி முழுக்க மணிக்கட்டிலும் முதுகிலும்தான் வந்து விழும்.

வேகமாகப் போகும்போது இது வெறும் அசௌகரியமாக நிற்காது, ஆபத்தாகவும் மாறும். பெரிய சைக்கிள் தடுமாறிக் கடந்துவிடும் பள்ளத்தில் சின்ன சக்கரம் முட்டி நிற்கலாம், ஓட்டுபவர் முன்னால் தூக்கி எறியப்படலாம். மழைத்தண்ணீர் தேங்கி ஆழம் தெரியாத இடம், மழைநீர் வடிகாலின் கம்பி மூடி, தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும் இடம் ஆகிய மூன்றிலும் மடக்கு சைக்கிள் ஓட்டுபவர் வேகத்தைக் குறைப்பது நல்லது. சந்தேகம் இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடலாம்.

இதைச் சமாளிக்கத்தான் மோல்டன் ஆரம்பத்திலேயே சஸ்பென்ஷன் வைத்தார். பிராம்ப்டனில் பின்பக்கம் ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது. ஜி லைனில் பெரிய சக்கரம், டிஸ்க் பிரேக் என்று போனதற்கும் மோசமான பாதையைத் தாங்க வேண்டும் என்பதே காரணம். அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. மடித்தால் பழைய மாடலைவிட அதிக இடம் பிடிக்கும், எடையும் கூடுதல்.

ஹேண்டில் ஏன் இப்படி ஆடுது?

முதல் முறை மடக்கு சைக்கிளில் ஏறுபவர்கள் எல்லோரும் சொல்வது: "ஹேண்டில் ரொம்ப லேசா இருக்கு, கொஞ்சம் அசைச்சாலே திரும்புது."

பெரிய சக்கரம் வேகமாகச் சுழலும்போது பம்பரம் போல நிலையாக நிற்கப் பார்க்கும், சின்ன சக்கரத்தில் அது குறைவு என்பது பலரும் சொல்லும் விளக்கம். அதில் பாதி உண்மை இருக்கிறது. 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்களின் கட்டுரை, பம்பர விளைவே இல்லாத சைக்கிளும் ஆள் இல்லாமல் தானாகவே நிமிர்ந்து ஓட முடியும் என்று செய்து காட்டியது. எடை எங்கே இருக்கிறது, ஹேண்டில் அச்சு எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்தே நிலைத்தன்மையைத் தருகின்றன.

முக்கியமான இன்னொரு விஷயம், ஹேண்டில் அச்சைத் தரை வரை நீட்டினால் அது தொடும் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையே உள்ள தூரம். இந்த இடைவெளி அதிகமானால் ஹேண்டில் தானாக நேருக்கு வரும். ஷாப்பிங் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் தள்ளும் திசைக்கே திரும்பிக்கொள்வதும் இதே தத்துவம்தான். முழு அளவு சைக்கிளில் இது 5, 6 செ.மீ. இருக்கும். ஃபோர்க்கின் வளைவை மாற்றாமல் அதே ஃப்ரேமில் 16 அங்குல சக்கரத்தைப் போட்டால் 2 செ.மீ.க்கும் கீழே போய்விடும். நல்ல நிறுவனங்கள் ஃபோர்க்கை மாற்றி வடிவமைத்து இதை ஓரளவு சரிக்கட்டுகின்றன. மலிவான சைக்கிள்களில் இந்தக் கவனம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

பலரும் நினைப்பது போல மடக்கு சைக்கிள் 'குட்டி' சைக்கிளும் அல்ல. பிராம்ப்டனில் இரண்டு சக்கர மையங்களுக்கு இடையே உள்ள தூரம் ஒரு மீட்டரைவிடச் சற்று அதிகம். பெரிய ரேஸ் சைக்கிளிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். சீட், பெடல், ஹேண்டில் மூன்றுக்கும் இடையே உள்ள அளவும் கிட்டத்தட்ட அதேதான்.

இரண்டு மூன்று நாள் ஓட்டினால் கை பழகிவிடும். நெரிசலில் வளைந்து போக இந்த லேசான ஹேண்டில் உதவியாகவே இருக்கும். ஆனால் கையை விட்டு ஓட்டுவதோ, ஒரு கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதோ இதில் வேண்டாம். கை காட்டித் திரும்பும்போதுகூட, வேகத்தைக் குறைத்த பிறகு காட்டுவது நல்லது.

கீல், நீண்ட கம்பி, பிரேக்

முழு அளவு சைக்கிளின் ஃப்ரேம் இரண்டு முக்கோணங்கள் சேர்ந்தது. எடைக்கு ஏற்ற உறுதியில் அதை மிஞ்சுவது கடினம். மடக்கு சைக்கிள் பெரும்பாலும் ஒரே ஒரு தடித்த பைப், நடுவில் ஒரு கீல். அதன் மேல் நீளமான சீட் கம்பி, நீளமான ஹேண்டில் கம்பி. எழுந்து நின்று மிதித்தால் இவை லேசாக வளைந்து கொடுப்பதை உணர முடியும். மேம்பாலம் ஏறும்போது உட்கார்ந்தபடியே, கியரைக் குறைத்து மிதிப்பதுதான் இதற்கு ஏற்ற முறை.

கீலும் அதன் பூட்டும்தான் இந்த சைக்கிளின் உயிர்நாடி. ஒவ்வொரு முறை விரித்ததும் பூட்டு முழுசா விழுந்திருக்கா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். கீலில் ஆட்டமோ விரிசலோ தெரிந்தால் ஓட்டக் கூடாது.

மலைச்சாலையில் நீண்ட இறக்கம் என்றால் இன்னொரு எச்சரிக்கை. ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில், சின்ன ரிம்மில் உலோகம் குறைவு என்பதால் சீக்கிரம் சூடேறும். தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்காமல், இடையிடையே நிறுத்தி ஆறவிட வேண்டும்.

டயர் தேய்மானமும் கூடுதல். 10 கி.மீ. போக 700சி சக்கரம் சுமார் 4,700 முறை சுற்றும். 16 அங்குலம் 7,600 முறை சுற்றும். 20 அங்குலத்தில் 406 என்ற அளவு பிஎம்எக்ஸ் சைக்கிள்களிலும் உள்ளது என்பதால் டயர், டியூப் கிடைப்பது எளிது. பிராம்ப்டனின் 349 அளவு டயர் தெருமுனை சைக்கிள் கடையில் கிடைக்காது. வாங்கும்போதே டயரின் பக்கவாட்டில் உள்ள இந்த எண்ணைப் பார்த்துக்கொள்வது பிறகு அலையாமல் இருக்க உதவும்.

நல்லதே இல்லையா?

நிறையவே இருக்கு. சக்கரம் லேசாக இருப்பதால் சிக்னலில் இருந்து சட்டென்று கிளம்பலாம். சின்ன சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பிகள் குட்டையாக இருப்பதால் சக்கரம் உறுதியானது, எளிதில் கோணாது. கேரியர் தாழ்வாக இருப்பதால் பாரம் ஏற்றினாலும் ஆட்டம் குறைவு. ஃப்ரேம் தாழ்வு என்பதால் புடவையோ வேட்டியோ கட்டியவர்களும் முழங்கால் வலி உள்ளவர்களும் ஏறி இறங்குவது சுலபம். சீட்டை ஏற்றி இறக்கி வீட்டில் எல்லோரும் ஓட்டலாம். வீட்டுக்குள்ளேயே வைத்துவிடலாம் என்பதால் திருட்டுப் பயமும் குறைவு.

விமானப் பயணத்திலும் லாபம் உண்டு. பல விமான நிறுவனங்களில் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், மீறினால் கூடுதல் கட்டணம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உள்ள பைக் ஃப்ரைடே நிறுவனம், சூட்கேஸுக்குள் அடங்கும் 20 அங்குல பயண சைக்கிள்களை 1990களில் இருந்தே செய்துவருகிறது. முழு அளவு சைக்கிளையும் ஃப்ரேமை இரண்டாகக் கழற்றும் இணைப்பு வைத்து 66 × 66 × 26 செ.மீ. பெட்டிக்குள் அடக்குபவர்கள் உண்டு. கூட்டினால் சரியாக 158. ஆனால் ஒவ்வொரு பாகமாகக் கழற்றி அடுக்கப் பொறுமை வேண்டும். தினமும் ரயிலேறுபவருக்கு அது சரிப்படாது.

கடைசியில் முடிவு செய்வது ரயில் விதிதான்

மடக்கு சைக்கிள் வாங்குவதே பஸ், ரயிலோடு சேர்த்துப் பயன்படுத்தத்தான். அப்போ எந்த அளவு சைக்கிளுக்கு ரயிலில் அனுமதி என்பதுதான் எந்த வீல் வாங்குவது என்பதையும் முடிவு செய்கிறது.

சிங்கப்பூரில் மடித்த அளவு 120 × 70 × 40 செ.மீ.க்குள் இருந்தால் ரயிலிலும் பஸ்ஸிலும் எடுத்துச் செல்லலாம். 2017 முதல் நாள் முழுக்க அனுமதி. பெரும்பாலான 20 அங்குல சைக்கிள்கள் இதில் அடங்கிவிடும். ஓட்டுவதற்கு ஓரளவு நன்றாக இருக்கும் சைக்கிளையே மக்கள் வாங்க முடிகிறது.

பெங்களூரு மெட்ரோ 2020 நவம்பரில் மடக்கு சைக்கிளை அனுமதித்தது. நல்ல முடிவுதான். ஆனால் அறிவித்தபோது வைத்த வரம்பு 60 × 45 × 25 செ.மீ., எடை 15 கிலோ. மேலே சொன்ன பிராம்ப்டனின் மடித்த அளவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உலகில் மிகச் சின்னதாக மடங்கும் சைக்கிள்களில் ஒன்றான அதுவே மூன்று பக்கத்திலும் மிஞ்சுகிறது! சாதாரணப் பெட்டிக்கு உள்ள அளவையே சைக்கிளுக்கும் வைத்தால் இப்படித்தான் ஆகும். காகிதத்தில் அனுமதி இருக்கும், எடுத்துப் போக சைக்கிள் இருக்காது. அதிகாரி கண்டுகொள்ளாமல் விட்டால் பயணம், இல்லையென்றால் வாக்குவாதம்.

கொச்சி மெட்ரோ அதே மாதம் வேறு வழியில் போனது. மடக்காத சைக்கிளையே ரயிலில் ஏற்ற அனுமதித்தது. கூட்டம் குறைந்த ரயிலில் அது முடியும். கூட்டம் நெரியும் நகரங்களில் முடியாது. அங்கே மடக்கு சைக்கிள்தான் வழி, அதற்கு நடைமுறைக்கு ஒத்துவரும் அளவு வரம்பும் வேண்டும்.

வரம்பு எவ்வளவு குறுகுகிறதோ, சக்கரம் அவ்வளவு சிறியதாக வேண்டும். சக்கரம் எவ்வளவு சிறுக்கிறதோ, பள்ளம் அவ்வளவு ஆபத்தாகிறது. ரயில் நிலையத்தில் பெட்டி அளவைப் பார்க்கும் விதியும், நிலையத்துக்கு வெளியே குண்டும் குழியுமான சாலையும் ஒரே பயணியைத்தான் இரண்டு பக்கமும் நெருக்குகின்றன.

அப்போ எதை வாங்குவது?

தினமும் ரயில் அல்லது பஸ், இரண்டு முனையிலும் 2, 3 கி.மீ., சாலையும் பரவாயில்லை என்றால் 16 அங்குலம் போதும். தூக்கிப் படியேற வேண்டும் என்பதால் எடை முக்கியம். பிராம்ப்டனே ஏறக்குறைய 11, 12 கிலோ வரும். கடையில் ஒரு முறை மடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஒரு நாளைக்கு 5 முதல் 15 கி.மீ. ஓட்ட வேண்டும், சாலை சுமார், ரயிலில் எப்போதாவதுதான் என்றால் 20 அங்குலம். டயர் 4, 5 செ.மீ. அகலமாக இருந்தால் அடி கொஞ்சம் குறையும்.

வைப்பதற்கு வீட்டில் இடமில்லை அல்லது காரில் எடுத்துப் போக வேண்டும், ரயில் தேவையில்லை என்றால் முழு அளவு சக்கரத்தோடு மடங்குவதைப் பார்க்கலாம். எங்கேயும் எடுத்துப் போகப் போவதில்லை என்றால் மடக்கு சைக்கிளே வேண்டாம். அதே காசுக்குக் கிடைக்கும் சாதாரண சைக்கிள் லேசாகவும் உறுதியாகவும் இருக்கும், எந்தக் கடையிலும் ரிப்பேர் பார்க்கலாம்.

எதை வாங்கினாலும் உங்கள் ஊர் மெட்ரோவின் அளவு வரம்பை முதலில் பாருங்கள், டேப்பை எடுத்து மடித்த சைக்கிளை அளந்துவிடுங்கள். பிறகு கடைக்கு வெளியே இருக்கும் மோசமான சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.